மறந்துபோன சேமலாபக் கணக்கு

ஒரு வேலைத்தலத்திலே சில ஆண்டுகள் உழைத்து, பின்னர் அதை விட்டு நீங்கி, வேறோர் ஊரில் வேறொரு தொழிலில் அமர்ந்தவர்கள் நம் நாட்டிலே பலர் உளர். தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைக்கும், கடையிலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து மீண்டும் ஊருக்கும் என்று அவர்கள் வாழ்க்கை நகர்ந்திருக்கும். பழைய முதலாளியின் பெயர்கூட இன்று நினைவில் இல்லாதிருக்கலாம். ஆயினும் அக்காலத்தில் அவர்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட பணம் எங்கோ ஒரு கணக்கிலே அவர்கள் பெயரால் இருக்கக்கூடும். அக்கணக்கைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு தாயை மனத்திற் கொள்வோம். அவர் 1954ஆம் ஆண்டு மலைநாட்டுத் தோட்டமொன்றிலே பிறந்தவர். 1970இல், பதினாறு வயதில், அத்தோட்டத்திலேயே கொழுந்து பறிக்கச் சேர்ந்தார். 1982இல் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். சில ஆண்டுகள் ஒரு வீட்டிலே சமையல் வேலை செய்தார். 1986 முதல் 1993 வரை ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அத்தொழிற்சாலை மூடப்பட்டதும் ஊருக்குத் திரும்பினார். இன்று அவர் எழுபதைக் கடந்தவர். கண்ணிற் பூ விழுந்துள்ளது. "அந்தக் காசெல்லாம் அப்போதே போய்விட்டது" என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா?

சரியன்று. காரணத்தை அறிய, அப்பணம் எவ்வாறு சேர்ந்தது என்பதை முதலில் நோக்கவேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. தோட்டத்திலும் கடையிலும் ஆலையிலும் கூட்டுத்தாபனத்திலும் உழைப்போருக்கு முதுமையில் ஆதாரம் யாது? இவ்வினாவுக்கு விடையாக 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 4 பங்கும், தொழில்தருநர் தம் கையிலிருந்து அச்சம்பளத்தின் நூற்றுக்கு 6 பங்கும் செலுத்தினர். பின்னர் இவ்வீதங்கள் உயர்த்தப்பட்டன. இன்று ஊழியர் செலுத்தவேண்டியது குறைந்தது 8. தொழில்தருநர் செலுத்தவேண்டியது குறைந்தது 12. தொழில்தருநரின் பங்கை ஊழியரின் சம்பளத்திலே பிடித்தல் சட்டத்துக்கு மாறானது. அவர் கொடுப்பது தருமமுமன்று. உழைத்தவருக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதி பிற்காலத்துக்கென ஒதுக்கப்படுகிறது என்பதே உண்மை.

இந்நிதியை நடத்துவன இரண்டு நிறுவனங்கள். பணத்தைப் பொறுப்பேற்று, முதலீடு செய்து, ஒவ்வோர் உறுப்பினரின் கணக்கையும் பேணுவது இலங்கை மத்திய வங்கி. தொழில்தருநரைப் பதிவு செய்து, பணம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா என்று கண்காணித்து, பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பங்களை ஏற்று ஆராய்வது தொழில் திணைக்களம். பாடசாலையிலே வரவு இடாப்பு ஒருவரிடமும் பணப்பெட்டியின் திறப்பு மற்றொருவரிடமும் இருப்பது போன்றது இவ்வேற்பாடு. கணக்கிலே எவ்வளவு இருக்கிறது என்று அறிய வங்கியையும், அதைப் பெற்றுக்கொள்ளத் தொழில் திணைக்களத்தையும் நாடவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமையாற் பலர் ஒரு வாசலில் நின்று மறுவாசலின் கேள்வியைக் கேட்டுக் களைத்துத் திரும்புகின்றனர்.

வேலையை விட்டுவிட்டார் என்பதற்காகவோ, பல ஆண்டுகள் கேட்கவில்லை என்பதற்காகவோ உறுப்பினரின் பணம் அற்றுப்போவதில்லை. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் வட்டியும் அதனோடு சேர்கிறது. வட்டி வீதம் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். கணக்குக்காக நூற்றுக்கு 9 என்று கொண்டால், ஒரு தொகை ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் இரு மடங்காகும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். விலைவாசியும் ஏறியிருப்பதனால் இதைக்கொண்டு எவரும் செல்வராகிவிட முடியாது. ஆயினும் ஒழுகும் கூரைக்கு ஓடு போடவும், மங்கிய கண்ணுக்குச் சிகிச்சை செய்யவும் அது போதுமாயிருக்கலாம். பிள்ளைகளிடம் கைநீட்டாமல் ஒரு முதியவர் தம் பணத்தைத் தாமே செலவிடுவதில் ஒரு மதிப்பும் உண்டு.

பணம் இருக்கிறதெனின் அது கண்ணுக்குப் படாமற் போவது எதனால்? உழைத்தவரையும் கணக்கையும் இணைக்கும் கயிறு எங்கோ அறுந்திருப்பதனால். அக்கயிறு மூன்று புரிகளாலானது: தொழில்தருநரின் இலக்கம், உறுப்பினரின் இலக்கம், உறுப்பினர் இன்னார் என்று காட்டும் பெயரும் அடையாள அட்டை எண்ணும். இம்மூன்றும் எவ்வாறு அறுகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, தொழில்தருநரின் இலக்கம். ஒவ்வொரு தொழில்தருநருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதற்கு முன்னே வலயத்தைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும், பின்னே அத்தொழில்தருநரிடம் வேலை செய்யும் ஒவ்வோர் ஊழியருக்குமுரிய இலக்கமும் வரும். ஆகவே முதலாளி மாறினாற் கணக்கும் மாறும். இதிலே தோட்டத் தொழிலாளர் நிலை தனித்துவமானது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தினாலும் 1975இல் வந்த திருத்தத்தினாலும் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தொழிலாளி அதே லயத்திலிருந்து அதே மலைக்குத்தான் போனார். ஆனால் அவருடைய தொழில்தருநர் மாறினார். அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருக்கக்கூடும். முன்னர்க் கூறிய தாயின் தோட்டம் 1975 வரை கம்பனிக்குரியதாயின், தோட்டத்துக்காக மட்டும் அவருக்கு இரண்டு கணக்குகள் இருக்கலாம். ஆடைத் தொழிற்சாலைக்குரியது மூன்றாவது. இடையிலே செய்த வீட்டுச் சமையல் வேலைக்கு இந்நிதி இல்லை. வீட்டுப் பணியாளரைச் சட்டம் உள்ளடக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் இல்லாத கணக்கைத் தேடும் அலைச்சல் மிஞ்சும்.

வடக்கிலும் கிழக்கிலும் கயிறு வேறு விதமாக அறுந்தது. போர்க்காலத்திலே வேலைத்தலங்கள் இயங்காமற் போயின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் உற்பத்தியை நிறுத்தியது. இடம்பெயர்ந்த ஊழியர் உடுத்த துணியோடு புறப்பட்டபோது சம்பளத் துண்டையும் சேவைக் கடிதத்தையும் தேடி எடுத்துச் செல்லவா நேரம் இருந்தது? ஆயினும் வீட்டிலே எரிந்தது பிரதிதான். மாதந்தோறும் கொழும்புக்கு அனுப்பப்பட்ட பங்களிப்பின் பதிவு வங்கியிலே உள்ளது. கடதாசி இல்லை என்பதற்காகக் கணக்கு இல்லை என்று எண்ணுதல் தவறு.

இரண்டாவது, பெயர். செக்ரோலிலே பெயர் எழுதியவர் கூப்பிடும் பெயரைத்தான் பெரும்பாலும் எழுதினார். செக்ரோலில் "வள்ளி", பிறப்புச் சான்றிதழில் "வள்ளியம்மாள்", அடையாள அட்டையில் "வள்ளியம்மை". மூவரும் ஒருவரே என்பதை ஊரார் அறிவர், இடாப்பு அறியாது. சில குடும்பங்களிலே தகப்பன் பெயர் முன்னே வரும். சிலவற்றிலே பின்னே வரும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திற் பெயர்க்கும்போது ஒவ்வோர் எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதினர்.

மூன்றாவது, அடையாள அட்டை. ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டுக்குரியது. அட்டைகள் 1972 முதல் வழங்கப்பட்டன. ஆகவே அதற்கு முன் திறந்த கணக்குகளில் அட்டை எண் இருக்க இடமில்லை. குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த மலையகத் தமிழருட் பலர், 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமை பெற்ற பின்னரே அட்டைக்கு உரியவராயினர். அவர்கள் உழைத்த காலத்துக் கணக்குகள் எண்ணில்லாமலே கிடக்கலாம். பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உள. எனவே புதிய அட்டை பெற்றவர் பழைய எண்ணையும் எழுதி வைத்தல் நன்று. ஓர் இலக்கம் பிழையாகப் பதிவானாலும், கணக்கு வேறொருவருடையது போலத் தோன்றும்.

இனித் தேடும் முறையைக் கூறுவோம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, முதியவரை அருகில் இருத்தி, அவர் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் எழுதவேண்டும். எந்த வேலைத்தலம், எந்த ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மேலாளர் அல்லது கங்காணி யார், உடன் வேலை செய்தவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுக. ஆண்டு நினைவில்லையாயின் குடும்ப நிகழ்ச்சியைக்கொண்டு கணிக்கலாம். மூத்த பிள்ளை பிறந்தது வேலைக்குச் சேர்ந்த பின்னரா முன்னரா என்று கேட்டால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே ஆண்டைச் சொல்லிவிடும்.

அடுத்து வீட்டிலுள்ள தகரப்பெட்டியையும் பழைய புத்தகங்களின் இடுக்குகளையும் ஆராயவேண்டும். சம்பளத் துண்டு, சேவைக் கடிதம், உறுப்பினர் அட்டை, மத்திய வங்கியிலிருந்து முன்னர் வந்த கணக்குக் கூற்று ஆகியவற்றில் ஒன்று கிடைத்தாலும் இலக்கங்கள் அதிற் காணப்படும்.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்போதும் ஒரு வழி உண்டு. ஒரே முதலாளியிடம் ஒரே காலத்தில் வேலை செய்தோர் அனைவருக்கும் தொழில்தருநர் இலக்கம் ஒன்றே. உறுப்பினர் இலக்கம் மட்டுமே வேறுபடும். ஆகவே உடன் வேலை செய்த ஒருவரிடம் பழைய சம்பளத் துண்டு ஒன்றிருந்தால், பாதி வேலை முடிந்தது. ஆடைத் தொழிற்சாலையிலே அடுத்த இயந்திரத்தில் இருந்த பெண், அதே பெரட்டில் நின்ற உறவினர், தொழிற்சங்கத்தின் பழைய தலைவர் ஆகியோரைக் கேட்பதிலே குறைவொன்றுமில்லை.

மூன்றாவதாக, பழைய முதலாளியை நாடவேண்டும். கம்பனி பெயர் மாறியிருந்தால் இன்றைய நிருவாகத்துக்கு எழுதலாம். தோட்டமாயின் தோட்டக் காரியாலயத்திலே சேவைக்காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்கலாம். வேலைத்தலம் முற்றாக மூடப்பட்டிருந்தால், அது இருந்த இடத்துக்குரிய தொழில் அலுவலகத்திலே விசாரிக்கவேண்டும். தொழில்தருநர் பற்றிய பதிவுகள் திணைக்களத்துக்குரியவை. தோட்ட உத்தியோகத்தராயிருந்தோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். அவர்களுட் பலருக்குச் சேமலாப நிதிக்குப் பதிலாகத் தோட்டத்துறைக்கென அமைந்த தனிச் சேமலாபச் சங்கங்கள் இருந்தன. சில கம்பனிகள் தொழில் ஆணையாளரின் அங்கீகாரத்தோடு தமக்கெனத் தனி நிதி நடத்தின. எந்த நிதி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால், ஒரு பெட்டியிலே வைத்த பொருளை மற்றொரு பெட்டியிலே தேடிய கதையாகும்.

நான்காவதாக, மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்துக்கு எழுதவோ நேரிற் செல்லவோ வேண்டும். அங்கே "என் கணக்கைத் தேடித் தருக" என்று மட்டும் எழுதுதல் போதாது. முன்னர் எழுதிய தாளிலிருந்து வேலைத்தலம், ஊர், காலம், பெயரின் எல்லா வடிவங்களும், பழைய புதிய அடையாள அட்டை எண்கள், பிறந்த தேதி ஆகியவற்றை ஒழுங்காகக் குறிப்பிடவேண்டும். தமிழிலே எழுதலாம், தமிழிலே மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகிறது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றையும் தபாற் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்க. மறுமொழி வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தின்மீது 14 வேலை நாட்களுள் முடிவு எடுக்கப்படவேண்டும்.

கணக்கு அகப்பட்டது, ஆனால் பெயர் பொருந்தவில்லை. அப்போது செய்வது யாது? பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழ், சேவைக் கடிதம், கிராம அலுவலரின் சான்று முதலியவற்றோடு கொடுத்துத் திருத்தக் கோரவேண்டும். பல கணக்குகள் இருப்பின் எல்லாவற்றையும் ஒருமுகமாகக் கூறுதல் அவசியம். ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு, மற்றவற்றை மீண்டும் மறந்துவிட்டோர் உளர்.

பணத்தைப் பெறும் தகுதி, வேலையை விட்டு விலகிய ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் வருகிறது. நிரந்தரமாக நாட்டைவிட்டுச் செல்வோர், உடல் நிலையால் நிரந்தரமாக உழைக்க இயலாதோர், ஓய்வூதியமுள்ள அரசாங்க சேவையிற் சேர்ந்தோர் முதலியோர் அவ்வயதுக்கு முன்னரும் பெறலாம். இதற்குரிய விண்ணப்பத்தைக் "கே படிவம்" என்பர். தொழில் அலுவலகத்துக்கு நேரிற் சென்று கைவிரல் அடையாளமும் இடவேண்டும். உறுப்பினர் இறந்துவிட்டால், அவர் பெயர் குறித்து வைத்தவரோ சட்டப்படியான உரித்தாளரோ "எல் படிவத்தில்" விண்ணப்பிக்கலாம். தந்தை இறந்து பல ஆண்டுகளாயின என்பதற்காகப் பிள்ளைகள் வாளாவிருக்க வேண்டியதில்லை.

சில வேளைகளிலே தேடலின் முடிவில் ஒரு கசப்பான உண்மை வெளிப்படும். சம்பளத்திலே பணம் பிடித்த முதலாளி அதைச் செலுத்தாமலே விட்டிருப்பார். அல்லது சில மாதங்களுக்கு மட்டும் செலுத்தியிருப்பார். அவ்வாறாயின் தொழில் அலுவலகத்திலே எழுத்தில் முறையிடவேண்டும். காலந்தாழ்த்திய தொகைக்கு, தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடவும் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. இத்தகைய முறைப்பாட்டிலே பணம் பிடித்ததைக் காட்டும் ஒரு சம்பளத் துண்டின் பெறுமதி பெரிது. முதலாளி மறைந்து, சொத்தும் எஞ்சாதபோது அறவிடுதல் அரிது. ஆதலாலேயே வேலையில் இருக்கும்போதே பணம் செலுத்தப்படுகிறதா என்று பார்த்தல் அறிவுடைமை.

சேமலாப நிதியைத் தேடும்போது அதன் தம்பியை மறந்துவிடலாகாது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டுமே நூற்றுக்கு 3 பங்கு செலுத்துகிறார். ஊழியரிடமிருந்து எதுவும் பிடிக்கப்படாமையால், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அஃது 1981 மார்ச்சு மாதம் தொடங்கியது. ஆகவே நாம் எடுத்துக்கொண்ட தாய்க்கு ஆடைத் தொழிற்சாலைக் காலம் முழுவதற்கும், தோட்டத்தின் கடைசி மாதங்களுக்கும் அந்நிதியிலும் உரிமையிருக்கும். அதை நடத்துவது தனிச் சபை, விண்ணப்பமும் வேறு.

இவ்வேலைகளுக்கு இடைத்தரகர் எவரும் வேண்டியதில்லை. "காசை எடுத்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்று வருவோரிடம் அடையாள அட்டையையும் கையொப்பமிட்ட வெற்றுத் தாளையும் கொடுத்து ஏமாந்து, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போனவர்கள் உண்டு. வீட்டிலே எழுத வாசிக்கத் தெரிந்த ஒரு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருந்தால் அதுவே போதும். நாம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததன் பயன் பரீட்சையோடு முடிந்துவிடுவதில்லை. கொழுந்து பறித்து அவர்களைப் படிக்க வைத்த கைக்குரிய பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதும் அதன் பயனே.

இன்று வேலையிலிருப்போரும் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். வேலைத்தலத்தின் பெயர், இரு இலக்கங்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்து, வீட்டாருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும். திருமணத்துக்கு முன் பெற்றோரின் பெயரைக் குறித்தவர், பின்னர் அப்பெயரை மாற்ற வேண்டுமா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதை உயிரோடிருக்கும்போதே எழுத்தில் வைத்தல் வீட்டுச் சண்டையைத் தவிர்க்கும்.

கொழுந்து பறித்த அந்தத் தாய் போன்றோர் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது கேட்போரின் வீட்டிலே ஒரு மூலையில் இருக்கலாம். அவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்பது எங்கோ ஓர் இடாப்பிலே எழுதப்பட்டிருக்கிறது. இன்று மாலையே ஒரு தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்ந்து, "நீங்கள் முதன்முதல் எங்கே வேலைக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். தேடல் அக்கேள்வியிலிருந்து தொடங்குகிறது.